ஐந்தடிக்கு மூன்றரையடி

பாளையங்கோட்டை
8-6-2025

அன்புள்ள வடிவுக்கு,

இசக்கிமணி எழுதுவது. சளி விட்டுவிட்டது, சாப்பாடு இறங்குகிறது. உன் கால் வீக்கம் வற்றியதா? ஸ்வாதி பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகத் தொடங்கிவிட்டாளா?

நான் நெய்துகொண்டிருந்த படத்தை நேற்று தறியிலிருந்து அறுத்து இறக்கியாச்சு. ஐந்தடி அகலம், மூன்றரையடி உயரம். எட்டு மாதம் பிடித்தது. இங்கே மற்றவர்கள் எல்லாம் பெட்ஷீட்டும் துண்டும்தான் நெய்கிறார்கள். படம் நெய்யச் சொல்லிக்கொடுக்க வாரம் இரண்டு நாள் வருகிற துல்கர்னைன் சார், "வேன் ஓட்டுன கையா இது?" என்று கேட்டார். மேலே மலையும் மேகமும், நடுவில் நாற்று நட்ட வயல், கீழே குறுக்காக ஒரு ரோடு. விற்பனைக்கு வைக்கலாம் என்றார்கள். வீட்டுக்கு வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். அதிகாரி கையெழுத்துப் போட்டுவிட்டார். அடுத்த தடவை மனு போட்டு என்னைப் பார்க்க வரும்போது ஆபீசில் வாங்கிக்கொள்.

மடிக்காதே, சுருட்டி எடுத்துப் போ. ஹாலில் வாசலுக்கு நேர் எதிர்ச் சுவரில் மாட்டு. வருகிறவர்கள் செருப்பைக் கழற்றும்போதே கண்ணில் பட வேண்டும். துணியில் ஆணி அடித்துவிடாதே. எப்படி மாட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை, தெரிந்தவர்களைக் கேள்.

இன்னும் எட்டு மாதம்தான். உடம்பைப் பார்த்துக்கொள்.

இசக்கிமணி


மேலகரம்
27-6-2025

அன்புள்ள அத்தானுக்கு,

வடிவு எழுதுகிறேன். கால் வீக்கம் இப்போது இல்லை. ஸ்வாதி காலையில் ஏழு மணிக்கே ஸ்பெஷல் கிளாஸ் என்று ஓடுகிறாள். நீங்கள் வெந்நீர்தானே குடிக்கிறீர்கள்?

படம் பத்திரமாக வந்து சேர்ந்தது. பழைய சேலையில் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அம்மா "பாயா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். வீட்டில் விரித்துப் பார்த்தோம். ஸ்வாதி ரொம்ப நேரம் தடவிக்கொண்டே இருந்தாள். நன்றாக இருக்கிறது அத்தான்.

ஆனால் வாசலுக்கு எதிர்ச் சுவர் சரிப்படாது. அது மேற்குச் சுவர். சாரல் விழ ஆரம்பித்துவிட்டது, இப்போதே கையை வைத்தால் ஈரம். அடுப்படிப் பக்கத்துச் சுவர் காய்ந்த சுவர்தான், ஆனால் மதியத்துக்கு மேல் ஜன்னல் வெயில் நேராக விழும். ஒரே வருடத்தில் பச்சை வெளுத்துவிடும். வாசலுக்கு இடப்பக்கச் சுவர்தான் தோது.

வளையம் வைத்துத் தொங்கவிடக் கூடாது. வளையத்துக்கும் வளையத்துக்கும் நடுவில் தொய்ந்துவிடும். பின்பக்கம் மேல் விளிம்பு முழுக்க நாலு விரல் அகலத்துக்குக் காடாத் துணியில் உறை மாதிரித் தைத்து, உள்ளே மரச்சட்டம் நுழைத்து, சட்டத்தின் இரண்டு முனையையும் சுவரில் தாங்க வேண்டும். கனம் ஒரே சீராக இறங்கும். கையால்தான் தைக்க வேண்டும், ஊசி முன்பக்கம் வரக் கூடாது. சுவருக்கும் துணிக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி வேண்டும். காற்றுப் போகாவிட்டால் பின்னால் பூஞ்சை கட்டிவிடும். சாரல் குறையட்டும், மாட்டிவிடுகிறேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

வடிவு


பாளையங்கோட்டை
9-7-2025

அன்புள்ள வடிவுக்கு,

இங்கே சுகம். நீங்கள் இரண்டு பேரும் மழையில் நனையாமல் இருங்கள்.

உன் கடிதத்தைத் துல்கர்னைன் சாரிடம் காட்டினேன். சட்டம், உறை, ஒரு விரல் இடைவெளி எல்லாம் படித்துவிட்டு, "உங்க வீட்டம்மா இந்தத் தொழில்ல இருக்காங்களா?" என்று கேட்டார். இல்லை சார், வீட்டில் ஜாக்கெட் தைக்கிறாள் என்றேன். உனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? எங்கேயாவது வேலைக்குப் போகிறாயா? போனால் தப்பில்லை. என்னிடம் சொல்லலாமே. மனுவில் பார்க்கும்போது நாலு பக்கமும் ஆள் கத்துகிற சத்தத்தில் எதுவும் கேட்கவும் முடியவில்லை.

வருகிற 17ஆம் தேதியோடு மூன்று வருடம். என் வேன் மோதி அந்த வல்லிநாயகம் இறந்த நாள். போன வருடம் மாதிரியே அன்றைக்கு நான் சாப்பிடப் போவதில்லை. ஸ்வாதியிடம் சொல்ல வேண்டாம். அப்பீல் போகாதே என்று நானே உன்னைத் தடுத்தேன். அதில் எனக்கு இப்போதும் வருத்தம் இல்லை. ரெண்டு வருடத் தண்டனை என்பது குறைச்சல்தான்.

பதில் போடு.

இசக்கிமணி


மேலகரம்
10-8-2025

அன்புள்ள அத்தானுக்கு,

நாங்கள் நன்றாக இருக்கிறோம். ஸ்வாதிக்கு இரண்டு நாள் காய்ச்சல், தேவலையாகிவிட்டது. பதில் தாமதமானதற்குக் கோபிக்க வேண்டாம்.

நீங்கள் கேட்டது சரிதான். போன வருடம் மே மாதத்திலிருந்து தென்காசியில் ஒரு ஸ்கிரீன் துணிக் கடையில் வேலை பார்க்கிறேன். ஜன்னல் அளவெடுப்பது, தைப்பது, கம்பி மாட்டுவது எல்லாம் பழகிவிட்டேன். சீசனுக்கு முன்னால் குற்றாலத்தில் லாட்ஜ் லாட்ஜாகப் போய் மாட்டினோம். டிரில் மெஷின் பிடிக்கக்கூடத் தெரியும், நீங்கள் நம்ப மாட்டீர்கள். கடைக்காரர் ஒரு அக்கா. நல்ல மாதிரி.

படம் இன்னும் மாட்டவில்லை. இடப்பக்கச் சுவருக்கு வெள்ளையடித்துவிட்டு மாட்டலாம் என்று இருக்கிறேன்.

17ஆம் தேதி நானும் சாப்பிடவில்லை.

வடிவு


பாளையங்கோட்டை
21-8-2025

அன்புள்ள வடிவுக்கு,

ஸ்வாதிக்குக் காய்ச்சல் என்று படித்ததும் மனசு கேட்கவில்லை. கொதிக்கவைத்த தண்ணீரே கொடு.

வேலைக்குப் போவது நல்லதுதான். ஆனால் ஒரு வருடத்துக்கு மேல் என்னிடம் மறைத்திருக்கிறாய். ஏன் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். கடைக்கு ஒரு பெயர் இருக்குமே, அதை ஏன் எழுதவில்லை?

ஒன்று மட்டும் சொல்கிறேன். வல்லிநாயகமும் ஸ்கிரீன் கடைதான் வைத்திருந்தார். அந்தத் தெருப் பக்கம் போய்விடாதே. அந்த அம்மா கண்ணில் நீ படக் கூடாது. நம் முகத்தை அவர்கள் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை.

உடனே பதில் எழுது.

இசக்கிமணி


மேலகரம்
30-9-2025

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் உடம்பு சுகம்தானே? இதை உட்கார்ந்து படியுங்கள்.

நான் வேலை பார்த்தது வல்லிநாயகம் கடையில்தான். அவர் வீட்டுக்காரி சுகந்தி அக்காவிடம்தான்.

உங்களுக்குத் தண்டனை சொன்ன பிறகு எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. ஒருநாள் அவங்க காலில் விழுந்துவிட்டு வருவோம் என்று போனேன். கடை வாசலில் 'தையல் தெரிந்த பெண் தேவை' என்று அட்டை தொங்கியது. நான் வாயைத் திறக்குமுன்னே அக்கா, "வேலைக்கா? ஓவர்லாக் அடிப்பியா?" என்று கேட்டாங்க. அடிப்பேன் என்று சொல்லிவிட்டேன். அவங்க கோர்ட்டுக்கு வந்ததே இல்லையாம், தம்பிதான் வந்திருக்கிறார். அதனால் என்னைத் தெரியவில்லை. நாளைக்குச் சொல்வோம், நாளைக்குச் சொல்வோம் என்று பதினாறு மாதம் போய்விட்டது. வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டதற்கு வெளியூரில் வேலை என்றேன். என் பிறந்த நாளைக்கு எனக்குச் சேலை எடுத்துத் தந்தாங்க அத்தான். அதைக் கட்டிக்கொண்டு எப்படிச் சொல்வேன்?

இந்த மாதம் 12ஆம் தேதி அக்கா செங்கோட்டைக்குத் துணி எடுக்கப் போனாங்க. வர மூன்று மணி ஆகும் என்றாங்க. கடையில் வெட்டுமேசை நீளமானது, அதில் விரித்தால்தான் உறையைக் கோணாமல் தைக்கலாம் என்று உங்கள் படத்தைக் கொண்டுபோயிருந்தேன். பாதி தைத்திருப்பேன், அக்கா பன்னிரண்டு மணிக்கே வந்துவிட்டாங்க. "என்னட்டி இது, வால் ஹேங்கிங்கா? யாருக்கு?" என்று கேட்டுக்கொண்டே என் கையிலிருந்து ஊசியை வாங்கி அவங்களே தைக்க உட்கார்ந்தாங்க. "உன் தையல் பெருசு பெருசா இருக்கு. கனத்துக்கு இழுத்துரும்." ஒரு சாண் தைத்த பிறகு முன்பக்கம் எப்படி இருக்கு பார்ப்போம் என்று திருப்பினாங்க.

பார்த்துக்கொண்டே நின்றாங்க. அப்புறம், "இது இலஞ்சி விலக்குல்லா?" என்று கேட்டாங்க.

அவர் அடிபட்ட இடம் அதுதான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"ரோட்டோரத்துல அந்த ஓட்ட மதகு. யாரு நெய்தது?"

"எங்க வீட்டுக்காரரு."

"அவரு எங்க இருக்காரு?"

"பாளையங்கோட்டையில. ஜெயில்ல."

அக்கா சத்தம் போடவில்லை. ஊசியைத் துணியில் குத்திவைத்தாங்க. "உன் வீட்டுக்காரர் பேரச் சொல்லு" என்றாங்க. சொன்னேன். "வீட்டுக்குப் போ வடிவு. நான் கூப்பிடுத வரைக்கும் வராத" என்றாங்க. படத்தைச் சுருட்டக் கை போனது. "அது இங்கனயே இருக்கட்டும்" என்றாங்க.

பதினெட்டு நாள் ஆகிறது. கூப்பிடவில்லை. நீங்கள் என்னைத் திட்டினாலும் சரி.

வடிவு


பாளையங்கோட்டை
9-10-2025

வடிவுக்கு,

கடிதம் கிடைத்தது.

நான் ஒரு ஆளைக் கொன்றேன். நீ அந்த வீட்டுக்குள்ளேயே போய் ஒன்றரை வருடம் பொய் சொல்லி உட்கார்ந்திருக்கிறாய். உன்னைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை, அதுதான் எரிச்சலாக இருக்கிறது.

அந்தப் படத்தை நெய்திருக்கவே கூடாது. மலையும் வயலும் போதும் என்றுதான் ஆரம்பித்தேன். கை தானாக அந்த இடத்துக்குப் போய்விட்டது. திரும்பி வந்தால் மாட்டாதே. அவர்கள் கிழித்துப் போட்டாலும் கேட்காதே.

ஸ்வாதியைப் பார்த்துக்கொள்.

இசக்கிமணி


தென்காசி
2-11-2025

திரு. இசக்கிமணி அவர்களுக்கு,

வல்லிநாயகம் மனைவி சுகந்தி எழுதுவது. உங்கள் சுகத்தை விசாரிக்க எனக்கு மனசு வரவில்லை. அதனால் விஷயத்தை எழுதுகிறேன்.

வண்டியிலிருந்து குதித்து நேராக ஓடிவிட்டதாகவும், பக்கத்திலேயே போகவில்லை என்றும் நீங்கள் கோர்ட்டில் சொன்னதாக என் தம்பி சொன்னான். மூன்று வருடமாக நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

உங்கள் துணி ஒன்றரை மாதமாக என் மேசைமேல் கிடக்கிறது. அதில் மதகுச் சுவரில் ஒரு செங்கல் பெயர்ந்த ஓட்டையை நெய்திருக்கிறீர்கள். ஓட்டை வழியாக வாய்க்கால் தண்ணீர் மினுங்குகிறது. வண்டியில் போகிறவர்களுக்கு அந்தத் தண்ணீர் தெரியாது. நடந்து போனாலும் தெரியாது. ரோட்டில் உட்கார்ந்தால்தான் தெரியும். நான் போய் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அதனால் எனக்குத் தெரியும்.

நீங்கள் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது அவருக்கு நினைவு இல்லை. அதற்கு முன்னால் ஏதாவது பேசினாரா? எனக்கு இது மட்டும் தெரிய வேண்டும். என் மனசுக்கு நல்லதாக இருக்கட்டும் என்று எதையும் சேர்த்து எழுத வேண்டாம்.

சுகந்தி


பாளையங்கோட்டை
9-11-2025

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

இசக்கிமணி எழுதுவது. நீங்கள் கேட்டபடி உள்ளதை மட்டும் எழுதுகிறேன்.

காலை ஆறேகால் மணி. சீசன் கூட்டம், மூன்று நாளாகச் சரியாகத் தூங்காமல் ஓட்டினேன். கண் சொருகிவிட்டது. சத்தத்தில்தான் விழித்தேன். இது கோர்ட்டில் சொன்னது. இனி எழுதுவது சொல்லாதது. பக்கத்தில் போய்விட்டு ஓடினாய் என்றால் இன்னும் மோசம் என்று வக்கீல் சொன்னார். எனக்கும் அதை வாயால் சொல்ல வெட்கமாக இருந்தது.

இறங்கிப் போனேன். மதகுக்கிட்டே கிடந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன். நல்ல நினைவு இருந்தது. "அண்ணாச்சி, கம்பியெல்லாம் ரோட்டுல கெடக்கு. எடுத்து ஓரமா போடுங்க, பின்னால பஸ் வரும்" என்றார். பொறுக்கிப் போட்டேன். ஐந்து கம்பி. "வளைஞ்சிருக்கா?" என்று கேட்டார். ஒன்று வளைந்திருந்தது. இல்லை என்று சொன்னேன். "ஆய்க்குடியில ஆதித்தன் வாத்தியார் வீடு. இன்னைக்கு மாட்டித் தாரேன்னு சொல்லிட்டேன்" என்றார். வலிக்கிறது என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

அப்புறம் தண்ணீர் கேட்டார். வேனில் பாட்டில் இருந்தது. எடுத்துக்கொண்டு திரும்பும்போது நாலைந்து பேர் கத்திக்கொண்டு ஓடி வந்தார்கள். அடித்தே கொன்றுவிடுவார்கள் என்று பயந்து வயலில் இறங்கி ஓடிவிட்டேன். ரொம்ப தூரம் போன பிறகுதான் பாட்டில் என் கையில் இருப்பதைப் பார்த்தேன். மறுநாள்தான் ஸ்டேஷனுக்குப் போனேன்.

உங்கள் பெயரைச் சொன்னார் என்று எழுத ஆசையாக இருக்கிறது. சொல்லவில்லை. அந்த ஐந்து நிமிடத்தில் அவர் பேசியது இவ்வளவுதான்.

வடிவு உங்களை ஏமாற்ற வரவில்லை. மன்னிப்புக் கேட்கத்தான் வந்தாள். எனக்காக நான் எதுவும் கேட்கவில்லை.

இசக்கிமணி


மேலகரம்
14-12-2025

அன்புள்ள அத்தானுக்கு,

நானும் ஸ்வாதியும் சுகம். அங்கே பனிக்குக் கம்பளி தந்திருக்கிறார்களா?

இரண்டு மாதத்துக்கு மேல் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் இருக்கிறது. எழுத எதுவும் இல்லாமல் இருந்தது, அப்புறம் எல்லாம் ஒரே நாளில் வந்துவிட்டது.

போன சனிக்கிழமை காலையில் வாசலில் ஸ்கூட்டி வந்து நின்றது. சுகந்தி அக்கா. உள்ளே வரவில்லை. "ஏட்டி, கெளம்பு. ஆய்க்குடிக்குப் போகணும். டிரில்ல நீ பிடி" என்றாங்க. இத்தனை நாள் கழித்து அவ்வளவுதான் பேச்சு. நான் பின்னால் உட்கார்ந்து ஐந்து புதுக் கம்பியையும் பிடித்துக்கொண்டேன்.

விபத்து அன்றைக்கு அவங்க வீட்டுக்காரர் யார் வீட்டுக்குப் போனார் என்று உங்கள் கடிதம் வரும்வரை அக்காவுக்குத் தெரியாதாம். அளவெல்லாம் அவர் மனசிலேயே வைத்திருப்பாராம். ஆதித்தன் வாத்தியார் வீட்டைத் தேடிப் பிடித்தோம். வயசானவர். அக்கா யாரென்று சொன்னதும் கொஞ்ச நேரம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். தைத்த துணியை அக்கா வீட்டுக்காரர் முன்னாடியே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார், கம்பி மட்டும்தான் பாக்கி. செய்தி கேட்ட பிறகு எப்படிக் கேட்பது என்று வாத்தியார் விட்டுவிட்டாராம். ஜன்னலில் கயிறு கட்டிப் பழைய வேட்டியைப் போட்டிருந்தார். துணி பீரோவில் பேப்பர் சுற்றியபடியே இருந்தது. அக்கா அதைப் பிரித்து மடிப்பை மோந்து பார்த்தாங்க. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நான் துளை போட்டேன், அக்கா மாட்டினாங்க. கடைசி ஜன்னலில் வாத்தியார், "இந்தம்மா யாரு?" என்று கேட்டார். "கடையில வேலை பாக்குதா" என்றாங்க. ஸ்டூலிலிருந்து இறங்கிக் கையைத் துடைத்துக்கொண்டே, "அந்த வேன் டிரைவரு பொண்டாட்டி" என்றும் சொன்னாங்க. வாத்தியார் என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். உள்ளே போய் ரெண்டு பேருக்கும் காப்பி கொண்டுவந்தார்.

திரும்பும்போது நம் வீட்டுக்குள் வந்தாங்க. ஸ்கூட்டியில் காலுக்குக் கீழே வைத்திருந்த பையிலிருந்து உங்கள் படத்தை எடுத்தாங்க. உறையை முழுக்கத் தைத்து முடித்திருக்காங்க. பொடித் தையல், முன்பக்கம் ஒரு புள்ளிகூடத் தெரியவில்லை. நீங்கள் மாட்ட வேண்டாம் என்று எழுதியதைச் சொன்னேன்.

"அவரு சொல்லுதது இருக்கட்டும். ஒண்ணு மாட்டு, இல்ல எரிச்சிரு. பரண்ல போட்டு வைக்காத, அந்துப்பூச்சி அரிச்சிரும்."

"நீங்க சொல்லுங்கக்கா. எது செய்யட்டும்?"

"நான் எதுக்குச் சொல்லணும்? உன் சுவரு."

ஸ்வாதி அப்போது அறைக்குள்ளிருந்து வந்து, "மாட்டுவோம்மா" என்றாள். இடப்பக்கச் சுவரில் நானே துளை போட்டேன். அக்கா உதவிக்கு வரவில்லை, நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாங்க. சட்டத்தை ஏற்றிவிட்டு இறங்கினேன். "வலது பக்கம் கால் இஞ்சு தாழ்ந்திருக்கு" என்றாங்க. சரிசெய்தேன். அப்புறம் பக்கத்தில் வந்து மதகை ஒரு தடவை விரலால் தொட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டாங்க.

மறுநாள் பக்கத்து வீட்டுப் பார்வதியம்மாள் மாவு கடன் வாங்க வந்தவள் வாசலிலேயே நின்று, "நல்லாருக்கே, எந்த ஊரு?" என்று கேட்டாள். இலஞ்சி விலக்கு, ஸ்வாதி அப்பா நெய்தது என்று சொன்னேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. மாவை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். இனி வருகிறவர்கள் எல்லாரும் கேட்பார்கள், எல்லாருக்கும் இதையேதான் சொல்லப் போகிறேன். நீங்கள் வந்த பிறகு நீங்களும் சொல்ல வேண்டியிருக்கும்.

இன்னொன்று. புறப்படும்போது அக்கா சொன்னது: "பிப்ரவரியில உன் வீட்டுக்காரரு வந்தா கடைப் பக்கம் வர வேண்டாம்னு சொல்லு. எனக்குப் பாக்கணும்னு தோணுச்சுன்னா நானே வாரேன். தோணாமலும் போகலாம்."

சரி என்று சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்காமல்தான் சொன்னேன்.

நாளையிலிருந்து என்னை வேலைக்கு வரச் சொல்லியிருக்காங்க. ஐந்தருவி ரோட்டில் ஒரு லாட்ஜ், இருபத்தெட்டு ஜன்னல். காலையிலேயே போக வேண்டும், அதனால் இத்துடன் நிறுத்துகிறேன். சாப்பாட்டைக் குறைக்காதீர்கள்.

வடிவு